சருகில் தொடங்கும் பாடம்

தமிழில் இலையுதிர்காலம். மலாயில் மூசிம் லூரோ. ஆங்கிலத்தில் ஆட்டம். மூன்று மொழிகளிலும் எனக்கு இந்தச் சொல் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் என்று படித்த காலம் முழுவதும் பாடநூல்களில் அது அவ்வப்போது வந்துபோனது. கட்டுரையில் எழுதியிருக்கிறேன், பொருள் கேட்டால் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் காலம் எதனால் வருகிறது, மரத்துக்கு எப்படித் தெரிகிறது என்று வகுப்பில் யாரும் கேட்டதாக நினைவில்லை. நம் நாட்டில் இல்லாத ஒன்றைப் பற்றி யார்தான் கேட்பார்கள்?

உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆரம்பக் கல்வி பயிலும் நான், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு செமஸ்டர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் படித்தேன். அங்கே கல்வித்துறை மாணவர்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுது அருகிலுள்ள தொடக்கப்பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியருக்கு உதவியாக இருப்பது வழக்கம். எனக்கு ஒதுக்கப்பட்டது முதலாம் வகுப்பு. மொத்தம் 19 பிள்ளைகள். பெரும்பாலோருக்கு வயது ஆறு. செப்டம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர்களோடு இருந்தேன்.

வெளிநாட்டுப் பள்ளி உயர்ந்தது, நம் பள்ளி தாழ்ந்தது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வகுப்பிலும் மூக்கு ஒழுகும் பிள்ளைகள் உண்டு, சண்டை உண்டு, பென்சில் திருட்டு உண்டு. ஒரு வகுப்பறை தன் சன்னலுக்கு வெளியே நடப்பதைப் பாடமாக்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

ஆளுக்கொரு மரம்

பள்ளித் திடலைச் சுற்றி மேப்பிள், ஓக், பிர்ச் மரங்கள் நின்றன. செப்டம்பர் இரண்டாம் வாரம் ஆசிரியை பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, "ஆளுக்கொரு மரம் தேர்ந்தெடுங்கள்" என்றார். தேர்ந்தெடுத்த மரத்தில் ஒரு துணி நாடாவைக் கட்டினார்கள். அன்று முதல் ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் உட்கார்ந்து, அதே மரத்தை வரைய வேண்டும். படத்துக்குக் கீழே இரண்டே வரிகள். ஒன்று, ‘நான் பார்ப்பது’. மற்றொன்று, ‘எனக்கு எழும் கேள்வி’.

விதியும் ஒன்றுதான். தலைக்குள் இருக்கும் மரத்தை வரையக் கூடாது, எதிரில் நிற்கும் மரத்தை வரைய வேண்டும்.

முதல் வாரம் ஒரு சிறுவன் நீளமான தண்டு, அதன்மேல் வட்டமான பச்சை மேகம், மேகத்துக்குள் ஐந்து சிவப்பு ஆப்பிள்கள் என்று வரைந்திருந்தான். அவன் முன்னால் நின்றதோ ஓக் மரம். ஆசிரியை ‘தப்பு’ என்று சொல்லவில்லை. "போய் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வா. கீழ்க்கிளை உன் உயரத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அவன் போனான், கையைத் தூக்கிப் பார்த்தான், திரும்பி வந்து ஆப்பிள்களை அழித்தான். அடுத்த வாரம் அவன் படத்தில் மரப்பட்டையின் வெடிப்புகள் இருந்தன. அதற்கடுத்த வாரம் எறும்பு வந்தது.

அக்டோபரில் எல்லோருடைய மரமும் நிறம் மாறியது. நவம்பரில் மேப்பிளும் பிர்ச்சும் மொட்டையாகின. அந்தச் சிறுவனின் ஓக் மட்டும் பழுப்பேறிய இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. "என் மரம் ஏன் விடமாட்டேன் என்கிறது?" என்று தன் கேள்வி வரியில் எழுதினான். இளம் ஓக் மரங்களும் பீச் மரங்களும் காய்ந்த இலைகளைக் குளிர்காலம் முழுவதும் தாங்கி நிற்பது உண்டு. அது எதற்காக என்பதற்கு அறிவியலாளர்களிடமே ஒரே முடிவான விடை இல்லை. ஆசிரியை அதை மறைக்கவில்லை. "பெரியவர்களும் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது" என்றார். அன்று அவன் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று குவியல்கள்

கணிதப் பாடமும் திடலிலிருந்தே வந்தது. பை நிறையப் பொறுக்கிய இலைகளை வகுப்பறைத் தரையில் கொட்டி, மேப்பிள், ஓக், பிர்ச் என்று மூன்று குவியலாகப் பிரித்தார்கள். பிறகு தரையில் ஒட்டிய நீளமான தாளில் ஒவ்வோர் இலையாக வரிசையில் அடுக்கினார்கள். பட்டை வரைபடம் தயார். எது அதிகம், எது குறைவு, மேப்பிளைவிட பிர்ச் எத்தனை குறைவு என்று ஆசிரியை கேட்கக் கேட்க, பிள்ளைகள் இலைகளின்மேல் விரல் வைத்து எண்ணி விடை சொன்னார்கள்.

இது விளையாட்டாகத் தோன்றும். ஆனால் பல மாநிலங்கள் பின்பற்றும் கணிதப் பாடத்தரத்தில், முதலாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வகை வரையிலான தரவைப் பிரித்து, எண்ணி, ஒப்பிடத் தெரிந்திருக்க வேண்டும் என்றே இருக்கிறது. கூட்டல் கழித்தல் 20-க்குள், எண்ணுவது 120 வரை. பயிற்சி நூலில் அச்சிட்ட வட்டங்களை எண்ணினாலும் இந்த இலக்கை அடையலாம். இலையை எண்ணினாலும் அடையலாம். வேறுபாடு என்னவென்றால், வட்டங்களைப் பற்றி எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போய்ப் பேசாது.

அணிலும் கணிதம் கற்றுக்கொடுத்தது. அந்த ஊர்ச் சாம்பல் அணில்கள் ஓக் விதைகளைப் பொறுக்கி, ஒரே இடத்தில் சேர்க்காமல், ஆங்காங்கே மண்ணில் ஒவ்வொன்றாகப் புதைத்து வைக்கும். குளிர்காலத்தில் தோண்டி எடுத்துத் தின்னும். எடுக்காமல் விடுபட்டவை சில முளைத்து மரமாகும். ஆசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து ஓக் விதைகளைக் கொடுத்துத் திடலில் ஒளித்து வைக்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்துத் தேடச் சொன்னார். ஒருத்திக்கு ஆறு கிடைத்தது, இன்னொருவனுக்கு இரண்டு. பத்தில் ஆறு போனால் நான்கு. "அந்த நாலும் மரமாகுமா?" என்று கேட்டாள் அவள். கழித்தலின் மீதிக்கு ஓர் உயிர் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் கேட்டேன்.

பச்சைக்குள் இருந்த மஞ்சள்

அக்டோபர் முதல் வாரத்தில் ஆசிரியை ஒரு கேள்வி போட்டார். "மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது? யாராவது இரவில் வந்து பூசுகிறார்களா?" பாதிப் பேர் ‘ஆம்’ என்றார்கள்.

விடை காண ஒரு சோதனை. பச்சை இலைகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஒரு கண்ணாடிக் குடுவையில் போட வேண்டும். இலைகள் மூழ்கும் அளவுக்கு, காயத்தைத் துடைக்கப் பயன்படுத்தும் ஸ்பிரிட்டை ஆசிரியை ஊற்றினார். குடுவையை மூடி, வெந்நீர் ஊற்றிய தட்டில் அரைமணி நேரம் வைத்தார். நீர்மம் பச்சையானது. பிறகு காப்பி வடிதாளை நீளவாக்கில் வெட்டி, அதன் ஒரு முனையை நீர்மத்தில் தொங்கவிட்டார். நிறம் தாளில் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பிள்ளைகள் இடையில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். வந்து பார்த்தபோது பச்சைப் பட்டைக்கு மேலே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தனியாகப் பிரிந்து நின்றது. மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் இருந்திருக்கிறது!

நம் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இதன் பெயர் தெரியும், குரோமட்டோகிராஃபி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டியதில்லை. கண்ணால் கண்டதே போதும்.

இதற்குப் பின்னால் உள்ள அறிவியல் இதுதான். இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. கோடையில் மரம் பச்சையத்தைத் தொடர்ந்து உருவாக்கிக்கொண்டே இருக்கும். பகல் குறைந்து குளிர் கூடும்போது அந்த வேலை நின்றுபோகிறது. இருக்கும் பச்சையமும் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு எனும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வெளியே தெரிகின்றன. மேப்பிளின் சிவப்பு மட்டும் வேறு கதை. அது அந்தோசயனின். பெரும்பாலும் இலையுதிர்காலத்தில்தான் இலைக்குள் புதிதாக உருவாகிறது. இறுதியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய திசு அடுக்கு வளர்ந்து இலையைக் கிளையிலிருந்து பிரிக்கிறது. அதாவது, இலையைக் காற்று மட்டும் பறித்துப் போடுவதில்லை, மரமே முன்கூட்டிப் பிரித்து வைக்கிறது.

ஏன் பிரிக்க வேண்டும்? இலை இருக்கும்வரை அதன் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்துவிட்டால் வேர் எங்கிருந்து உறிஞ்சும்? எனவே மரம் செலவைக் குறைக்கிறது. இந்த ஒரு காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

குறையும் நாடா

என்னை மிகவும் கவர்ந்தது வகுப்பறைச் சுவரில் இருந்த காகித நாடாக்கள். வாரத்துக்கு ஒரு நாடா. ஒரு மணி நேரப் பகலுக்கு ஓர் அங்குலம். சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் ஆசிரியை சொல்ல, பிள்ளைகள் அளந்து வெட்டி ஒட்டினார்கள். செப்டம்பர் இறுதியில் நாடா 12 அங்குலம் இருந்தது. அக்டோபரில் வாரத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடப் பகல் குறைந்தது. டிசம்பர் நடுப்பகுதியில் நாடா 9 அங்குலத்துக்குச் சற்று மேல் வந்து நின்றது. நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுவதால், டிசம்பரில் மாலை நான்கேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

சுவரில் படிப்படியாக இறங்கிய அந்த நாடாக்களைப் பார்த்தால் போதும், பருவமாற்றம் என்றால் என்ன என்று புரிந்துவிடும். 2013-ல் அமெரிக்காவில் வெளியான புதிய அறிவியல் பாடத்தரங்கள், பகலின் நீளத்தையும் ஆண்டின் காலத்தையும் தொடர்புபடுத்திப் பார்க்க முதலாம் வகுப்பிலேயே பிள்ளைகள் கற்க வேண்டும் என்கின்றன. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதைப் பற்றிப் பேசப் பின்னால் காலம் இருக்கிறது. முதலில் கவனிக்க வேண்டும், பிறகுதான் விளக்கம்.

ஆசிரியை என்னையும் சும்மா விடவில்லை. "உன் ஊர் நாடாவையும் ஒட்டு" என்றார். கோலாலம்பூருக்கான நாடாவை நான் வாரந்தோறும் வெட்டி ஒட்டினேன். பன்னிரண்டு அங்குலம். மறுவாரமும் பன்னிரண்டு. அதற்கடுத்த வாரமும் பன்னிரண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கோலாலம்பூரில் ஏறக்குறைய 20 நிமிடம்தான் வேறுபாடு. மாசசூசெட்ஸ் ஒரே வாரத்தில் இழப்பது நமக்கு ஓர் ஆண்டின் மொத்தக் கணக்கு.

பிள்ளைகளுக்கு என் நாடா பெரிய வேடிக்கையாகிவிட்டது. அப்போதுதான் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள்: "உங்கள் ஊரில் பகல் குறையாது என்றால், உங்கள் மரங்களுக்கு இலையை எப்போது விடுவது என்று எப்படித் தெரியும்?"

"விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். வகுப்பின் கேள்விப் பலகையில் அவள் கேள்வியை ஆசிரியை எழுதி வைத்தார்.

ஆப்பிள், பூசணி, சோளம்

அதே வாரங்களில் உணவும் பாடமானது. மூன்று வகை ஆப்பிள்களைச் சுவைத்து, பிடித்ததற்கு வாக்களித்தார்கள். ஆப்பிளைக் குறுக்காக வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். அமெரிக்காவின் பல பகுதிகளில் ஆப்பிள் நாற்றங்கால்களை அமைத்த ஜான் சாப்மன் அதே மாநிலத்தில் 1774-ல் பிறந்தவர் என்பதும் அந்த வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

பூசணியை நூலால் சுற்றி அளந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் போடும் முன் மூழ்குமா, மிதக்குமா என்று கணிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் ‘மூழ்கும்’ என்று கை தூக்கினார்கள். மிதந்தது. வெட்டியபோது உள்ளே இருந்த வெற்றிடம் காரணத்தைச் சொன்னது. விதைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணினார்கள். ஒரு பூசணியை மட்டும் மூடிய ஒளிபுகும் பெட்டியில் வைத்து, பூஞ்சணம் பிடித்து அமுங்கிப்போகும்வரை வாராவாரம் வரைந்தார்கள். அழுகுவதும் ஒரு பாடம்தான்.

நவம்பரில் நன்றி நவிலும் நாள் வந்தது. 1621-ல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோவாக் பழங்குடி மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்தோடு தொடர்புபடுத்தப்படும் நாள் அது. ஆசிரியை தாள் தொப்பியும் இறகும் செய்து நாடகம் போடவில்லை. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒன்றாகப் பயிரிடும் பழங்குடி மக்களின் முறையைப் படம் வரைந்து காட்டினார். சோளத் தண்டில் அவரை ஏறும், அவரை மண்ணுக்கு வளம் சேர்க்கும், பூசணியின் அகன்ற இலை மண்ணைக் காயவிடாது. முடிவில் ஒன்று சொன்னார்: "வாம்பனோவாக் மக்கள் கதையில் மட்டும் இருப்பவர்கள் இல்லை. இன்றும் இதே மாநிலத்தில் வாழ்கிறார்கள்." ஒரு நிலத்தின் பருவங்களை நன்கு அறிந்தவர்கள் அந்த நிலத்தில் நெடுங்காலம் உழைத்தவர்கள்தான் என்ற எண்ணம் எனக்கு அப்போது உறைத்தது. கேள்விப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

பாட்டியிடம் ஒரு கேள்வி

என் பாட்டி கெடாவில், சுங்கைப்பட்டாணிக்கு அருகில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. முதலில் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தது. அன்றிரவு திடலில் எடுத்த படங்களை அவருக்குப் புலனத்தில் அனுப்பிவிட்டு அழைத்தேன்.

"இதென்ன பாப்பா, மாசி மாசத்துல நம்ம தீம்பாரு இருக்கிற மாதிரில்ல இருக்கு?" என்றார் எடுத்த எடுப்பில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

தை பிறந்து மழை நின்றால் பால்மரத்து இலை பழுக்கத் தொடங்கும். மஞ்சளாகும், செம்மண் நிறமாகும், மாசியில் கொட்டும். "விடியக்காலைல போனா காலடியில சருகு சரசரன்னு சத்தம் போடும். பாம்பு இருந்தாலும் தெரியாது. லைட்ட நல்லா அடிச்சுப் பாத்துத்தான் காலை வைக்கணும்." இலை கொட்டினால் பால் இறங்காது. மங்கில் பாதிகூட நிறையாது. பால் குறைந்தால் கூலியும் குறையும். "அந்த ரெண்டு மாசம் கடையில கடன் சொல்லித்தான் ஓட்டுவோம். பங்குனியில கொழுந்து விட்டுரும். கொழுந்து செவப்பா, பளபளன்னு இருக்கும். அதப் பாத்தாத்தான் மனசுக்குத் தெம்பு." புதுக்கொழுந்தில் நோய் விழாமல் இருக்கத் தோட்ட நிர்வாகம் கந்தகத் தூள் அடிக்கும் என்றும், அன்று கண் எரியும் என்றும் சொன்னார்.

பிறகு மாதங்கள் கழித்துக் காய் முற்றி ‘டப்’பென்று வெடித்து, புள்ளி போட்ட ரப்பர் கொட்டைகள் சிதறும். அம்மாவும் மாமாக்களும் அவற்றைப் பொறுக்கி விளையாடுவார்களாம். சிமெண்டுத் தரையில் சூடு பறக்கத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவார்களாம். ஓக் விதைகளை ஒளித்து விளையாடிய என் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

அறிவியல் பாட்டி சொன்னதை அப்படியே உறுதிசெய்கிறது. ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலை உதிர்க்கும் மரம். தீபகற்ப மலேசியாவில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இது நடக்கும். கெடா, பெர்லிஸ் போல வறட்சி தெளிவாகத் தெரியும் வடமாநிலங்களில் நன்றாகவே காணலாம். அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்ட மரம் அது. 1877-ல் 22 கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது பேராவின் கோலகங்சாருக்குச் சென்றன. பின்னர் அதே மரத்துக்காகத்தான் நம் முன்னோரும் கப்பலேறி வந்தார்கள்.

மாசசூசெட்ஸ் மேப்பிளுக்குப் பகல் குறைவதும் குளிரும் அறிவிப்பு. கெடா பால்மரத்துக்கு மழை நிற்பது அறிவிப்பு. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் நெருக்கடி ஏறக்குறைய ஒன்றே, நீர் கிடைக்காது என்பது. ஒன்றுக்கு நீர் உறைந்துவிடும், மற்றதற்கு வற்றிவிடும். இரண்டும் ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன.

அடுத்த வியாழக்கிழமை அந்தச் சிறுமிக்கு விடை சொன்னேன். "எங்கள் ஊர் மரம் வெளிச்சத்தைவிட மழையைக் கவனிக்கிறது. எனக்குச் சொன்னது என் பாட்டி." ஆசிரியை கேள்விப் பலகையில் விடையை எழுதி, அதன் கீழே ‘மலேசியாவிலிருந்து ஒரு பாட்டி’ என்று எழுதினார். பாட்டியிடம் அந்தப் படத்தைக் காட்டியபோது, "நான் என்னத்தச் சொல்லிட்டேன், தெரிஞ்சதத்தான சொன்னேன்" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "இத்தன வருசத்துல இதையெல்லாம் யாரும் எங்கிட்ட கேட்டதில்ல" என்றார்.

ஓர் இலைக்கு எத்தனைப் பெயர்?

அந்த வகுப்பில் வீட்டில் ஸ்பானியமும் போர்த்துகீசியமும் பேசும் பிள்ளைகளும் இருந்தார்கள். ‘இலை’ என்பதற்கு அவரவர் வீட்டு மொழியில் என்ன சொல் என்று ஒரு நாள் அட்டை தயாரித்தார்கள். நான் ‘இலை’ என்று எழுதினேன். "தரையில் கிடக்கிறதே, அதற்கும் அதே பெயரா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். இல்லை, அது சருகு.

பிறகு வரிசையாக எழுதினேன். புதிதாக வருவது கொழுந்து, தளிர். முற்றினால் இலை. நிறம் மாறினால் பழுப்பு. காய்ந்து விழுந்தால் சருகு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உண்மையான இலையை ஒட்டினோம். கொழுந்துக்கு மட்டும் இடம் காலி. வசந்தம் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் இலக்கணம் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரிக்கிறது. உற்றுப் பார்த்தவர்கள் உண்டாக்கிய சொற்கள் இவை. தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அவை வெறும் பட்டியலாக இருந்தன.

நம் சன்னலுக்கு வெளியே

மாணவ நண்பர்களே, நம் நாட்டில் பருவம் இல்லை என்று சொல்வது எளிது. கடற்கரைகளிலும் பள்ளி வளாகங்களிலும் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பெரிய இலைகள் மேப்பிளைப் போலவே சிவந்து உதிரும், ஆண்டில் இரண்டு முறைகூட. அங்சானா மரம் வறட்சிக்குப் பின் மழை பெய்த சில நாள்களில் திடீரென்று மஞ்சளாய்ப் பூத்து, ஓரிரு நாளில் சாலையெல்லாம் உதிர்த்துவிடும். தூங்குமூஞ்சி மரம் மாலையானால் இலையை மூடிக்கொள்ளும். இவற்றுக்கு நுழைவுக்கட்டணம் இல்லை.

செய்து பார்க்க மூன்று வேலைகளைச் சொல்கிறேன். முதலாவது, பள்ளியிலோ குடியிருப்பிலோ ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து ஒரு படம், இரண்டு வரி. கைப்பேசியில் எடுக்கலாம், ஆனால் ஒருமுறையாவது கையால் வரையுங்கள். வரையும்போதுதான் கண் வேலை செய்கிறது. இரண்டாவது, கெத்தாப்பாங்கின் பச்சை இலை, சிவந்த இலை இரண்டையும் கொண்டு மேலே சொன்ன வடிதாள் சோதனையை அறிவியல் ஆசிரியர் துணையோடு செய்து பாருங்கள். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது, அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வேலை செய்தவர் யாராவது இருந்தால், அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். இலை எப்போது கொட்டும், பால் எப்போது இறங்கும், எந்த மாதம் கையில் காசு இருக்காது, மழை வருமுன் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தீம்பார், நிரை, மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்களோடு நாள்காட்டி ஒன்றும் அவர்கள் மனத்தில் இருக்கிறது. தோட்டங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த நாள்காட்டியைத் தெரிந்தவர்களுக்கும் வயது எண்பதை நெருங்குகிறது.

நான் நாடு திரும்பிய பிறகு, பிப்ரவரி இறுதியில், பாட்டியை அழைத்துக்கொண்டு ஒரு சிறு ரப்பர் நிலத்துக்குப் போனேன். அவர் குனிந்து ஒரு சருகை எடுத்தார். மூன்று சிற்றிலைகள் ஒரே காம்பில். "இன்னும் பத்து நாள்ல கொழுந்து வந்துரும், பாரு" என்றார். பதினோராம் நாள் வந்தது. அன்றைய தேதியை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான் ஆசிரியராகி முதலாம் ஆண்டு வகுப்புக்குள் நுழையும் நாளில், என் முதல் அறிவியல் பாடம் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும்.